பைன் மர வேடத்தில் ஒரு டவர்: எங்கள் மலையடிவாரத்துக்கு சிக்னல் வந்த விதம்

வர்ஜீனியாவில் ப்ளூ ரிட்ஜ் மலையின் கிழக்குச் சரிவில், ஷெனாண்டோ தேசியப் பூங்காவுக்குக் கீழே இருக்கிறது எங்கள் வீடு. வாஷிங்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஆனால் இந்த டவர் வரும்வரை, எங்கள் சாலைக்குத் திரும்பியதும் போனில் சிக்னல் போய்விடும். அமெரிக்காவில்கூட இப்படி இருக்குமா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். நிறைய இடங்களில் இருக்கிறது. இங்கே ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு, பத்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடக்கும். நடுவில் ஓக், ஹிக்கரி, டூலிப் பாப்லர் காடு, குறுக்கே மலை மடிப்புகள். ஒரு டவர் வைத்தால் கிடைக்கிற வாடிக்கையாளர்கள் மிகக் குறைவு என்பதால் எந்த நிறுவனமும் தானாக வருவதில்லை.

அக்கம்பக்கத்தார் சிலரும் நானும் சேர்ந்து, பைன் மரம் போல் வேடமிட்ட ஒரு டவரை இங்கே கொண்டுவந்தோம். இதே நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில என்னிடம் விவரம் கேட்டிருக்கின்றன. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குள் எல்லோரும் வைஃபை காலிங்கில்தான் பேசுவோம். கரண்ட் இருக்கும்வரை அதில் குறையில்லை. அம்மா வந்திருந்த குளிர்காலத்தில் பனிக்கட்டி மழை பெய்து மின்கம்பி அறுந்தது. மோடம் அணைந்துவிட்டது. அந்த இரவில் அம்மாவுக்குத் தலைசுற்றி விழுந்துவிட்டார். 911 அழைப்பை எந்த நிறுவனத்தின் டவரும் எடுத்துக்கொள்ளும், ஆனால் எந்த டவரும் எட்டாத இடத்தில் என்ன செய்வது? மகளை அருகில் உட்கார வைத்துவிட்டு, வழுக்கும் சாலையில் மேடு வரை காரை ஓட்டிப் போய் அழைத்தேன். அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் இனி இப்படி இருக்க முடியாது என்று அன்று முடிவாகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. 2012 ஜூன் 29 இரவு வீசிய டெரேச்சோ புயலில் வடக்கு வர்ஜீனியாவின் பல பகுதிகளில் 911 சேவையே நின்றுபோனது. அது அவர்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

முதலில் செய்தது அளவெடுக்கும் வேலை. "சிக்னல் இல்லை" என்று நிறுவனத்துக்கு எழுதினால், அவர்களுடைய வரைபடத்தில் இருக்கிறதே என்று பதில் வரும். 2022 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி புதிய பிராட்பேண்ட் வரைபடத்தை வெளியிட்டது. அதில் எங்கள் சாலை முழுக்கச் சிக்னல் உண்டு என்று வண்ணம் பூசியிருந்தது. ஆணையமே ஒரு ஸ்பீட் டெஸ்ட் செயலி வைத்திருக்கிறது. அதில் எடுத்த அளவைக் கொண்டு வரைபடத்தை எதிர்த்து முறையிடலாம். வீடு வீடாக அளந்தோம். போன் காட்டும் கோடுகளை நம்பக் கூடாது, டெசிபல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மைனஸ் 85 என்றால் நல்ல சிக்னல். மைனஸ் 105-க்குக் கீழே போனால் வீட்டுக்குள் பேசுவது சிரமம். மைனஸ் 120 வந்தால் இணைப்பே நிற்காது. மூன்று டெசிபல் குறைந்தால் வலிமை பாதியாகிவிடுகிறது என்று தெரிந்தால் இந்த எண்களின் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும். எங்கள் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் கடைசி வகைதான்.

இந்த அட்டவணையோடு தன்னார்வத் தீயணைப்பு நிலையத்தின் கடிதம் ஒன்றையும், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களின் கடிதம் ஒன்றையும் சேர்த்தோம். எங்களைப் போன்ற குடியிருப்பாளர்களின் புகாரைவிட இந்த இரண்டு கடிதங்களுக்குத்தான் மதிப்பு அதிகம் என்று பின்னால் தெரிந்தது. செல் நிறுவனம் ஒன்று நேரடியாக வராவிட்டாலும், டவர் கட்டி வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்று வந்து பார்த்தது. செல் நிறுவனம் ஒன்று அதில் தன் ஆன்டெனாவை வைத்துக் குடிவரச் சம்மதித்தால் கட்டத் தயார் என்றார்கள். இங்கே பெரும்பாலான டவர்கள் இந்த முறையில்தான் எழுகின்றன.

அடுத்தது இடம். எல்லாரும் கைகாட்டியது மேட்டில் இருந்த ஒரு பெரிய மேய்ச்சல் நிலத்தை. பத்திரத்தைப் புரட்டினால் அது பாதுகாப்பு ஈஸ்மென்டில் இருந்தது. வர்ஜீனியாவில் இது சகஜம். நிலத்தைப் பிரித்து விற்க மாட்டோம், பெரிய கட்டுமானம் எழுப்ப மாட்டோம் என்று உரிமையாளர் நிரந்தரமாக எழுதிக் கொடுத்து வரிச்சலுகை பெற்றிருப்பார். 1966-இல் அமைக்கப்பட்ட வர்ஜீனியா அவுட்டோர்ஸ் ஃபவுண்டேஷன் இப்படிப் பல ஏக்கர்களைக் காத்து வருகிறது. அப்படிப்பட்ட நிலங்களில் பெரும்பாலும் டவரைப் பற்றிப் பேச முடியாது. பிறகு வைக்கோல் பயிரிடும் ஒரு வயதான விவசாயி முன்வந்தார். அவருடைய வயலின் ஓரத்தில் வெள்ளை பைன் மரங்கள் கூட்டமாக நின்றன. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு நிலத்தை லீசுக்குக் கொடுத்தார். டவரின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது அயலாரின் எல்லை தள்ளியிருக்க வேண்டும் என்ற விதிக்கும் அந்த இடம் பொருந்தியது.

இனி வேடத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் சண்டையே இதில்தான்.

டூசானில் உள்ள லார்சன் என்ற நிறுவனம் 1992-இல் டென்வரில் முதல் பைன் மர டவரை நிறுத்தியது. அதிலிருந்து அமெரிக்காவெங்கும் பைன், பனை, சில இடங்களில் கள்ளிச்செடி வடிவில்கூட டவர்கள் நிற்கின்றன. தேவாலயக் கூம்பு, கொடிக்கம்பம், தானியக் குதிர் வடிவங்களும் உண்டு. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் குதிர்தான் வேண்டும் என்றார்கள். பண்ணை ஊருக்கு அதுதான் பொருத்தம் என்பது அவர்கள் வாதம். ஆனால் எங்களுக்குத் தேவையான உயரத்தில் இந்தப் பக்கம் யாருமே குதிர் கட்டியதில்லை. அப்படி ஒன்று நின்றால் எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். கொடிக்கம்பம் மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் ஆன்டெனா முழுவதும் குழாய்க்குள் அடங்க வேண்டும். 5ஜி-க்கான அகலமான ஆன்டெனாக்கள் அதில் நுழையாது.

இன்னொரு தரப்பு, மரமே வேண்டாம், பழுப்பு நிறக் கம்பம் போதும் என்றது. தெற்கே அல்பமார்ல் கவுன்டி (மாவட்டம் போன்றது) நீண்ட காலமாகப் பின்பற்றிவந்த வழி அது. அருகிலிருக்கும் மரத்தின் உச்சிக்கு மேலே சுமார் பத்து அடிக்குள் கம்பம் நின்றுவிட வேண்டும், நிறம் அடிமரத்தைப் போல இருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் உண்மையிலேயே தெரியாது. எனக்கு அந்த வழியில் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உயரம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும். இலைகள் அலையை உறிஞ்சும், கோடையில் இன்னும் அதிகமாக. 600, 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் ஓரளவு காட்டைத் தாண்டிப் போகும், 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளுக்கு அது கஷ்டம். ஒரு உயரமான டவர் செய்வதைச் செய்ய அப்படிப்பட்ட கம்பங்கள் பல வேண்டும். ஒன்றுக்கே யோசிக்கிற நிறுவனம் பலவற்றுக்கு வராது.

பைன் வேடத்துக்கும் குறைகள் உண்டு. இலையுதிர்க் காட்டின் நடுவே, சுற்றிலும் ஓக் மரங்கள் மொட்டையாக நிற்கும் ஜனவரியில், பச்சையாக ஒரே ஒரு மரம் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். கிளைகளை மேலே மட்டும் ஒட்டவைத்தால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி ஆகிவிடும். பிளாஸ்டிக் ஊசியிலைகள் வெயிலில் நைந்து உதிரும் என்ற கவலையும் உண்டு. கலிபோர்னியா எல்லையில் லேக் டாஹோ பகுதியில் இதையே முன்வைத்து எதிர்த்திருக்கிறார்கள். ஆகவே பைன் என்று தீர்மானித்ததோடு நிற்காமல், எப்படிப்பட்ட பைன் என்பதை வரைபடமாகவே கேட்டோம். உயரம் 150 அடியிலிருந்து 120 அடிக்கு இறங்கியது. கிளைகள் தரையிலிருந்து 25 அடியிலேயே தொடங்க வேண்டும், ஆன்டெனாவுக்கு மேலேயும் கிளை கூம்பி முடிய வேண்டும், ஆன்டெனாக்களுக்கு ஊசியிலை உறை போட வேண்டும். உயரம் குறைந்ததால் எதிர்காலத்தில் குடிவரக்கூடிய நிறுவனங்களில் ஒன்றுக்கு இடம் இல்லாமல் போனது. அந்த விலையைக் கொடுத்தது சரி என்றே நினைக்கிறேன்.

சந்தேகப்பட்டவர்களின் மனத்தை மாற்றியது பலூன் சோதனை. காற்றில்லாத ஒரு காலையில், டவர் நிற்கப்போகும் இடத்தில் பெரிய சிவப்பு பலூனைக் கயிறு கட்டி 120 அடிக்கு ஏற்றினார்கள். தேதியை முன்பே எல்லா வீட்டுக்கும் சொல்லியிருந்தோம். இலை உதிர்ந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்று நாங்களே வற்புறுத்தினோம். கோடையில் செய்தால் பாதி மறைந்துவிடும், அது ஏமாற்று வேலை. சாலைகளிலிருந்தும், வீட்டுத் திண்ணைகளிலிருந்தும், மேலே பூங்காவின் மலைச் சாலையான ஸ்கைலைன் டிரைவில் கார் நிறுத்திப் பார்க்கும் இடங்களிலிருந்தும் படமெடுத்து, அதே படங்களில் மரத்தை வரைந்து காட்டினார்கள். தன் வீட்டிலிருந்து தெரியும் என்று உறுதியாக இருந்த ஒரு அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று நம்பியிருந்த இன்னொரு வீட்டுக்கு நன்றாகவே தெரிந்தது. அந்த வீட்டுக்கும் டவருக்கும் நடுவே வேலியோரம் மரம் நட்டுத் தருவது நிபந்தனையில் சேர்ந்தது. மேலே விளக்கு எரியுமா என்று பலர் கேட்டார்கள். விமானத்துறைக்குத் தெரிவித்து விளக்கு வைக்க வேண்டிய நிலை பொதுவாக 200 அடியைத் தாண்டினால்தான் வருகிறது. எங்களுடையதற்கு விளக்கு இல்லை.

விண்ணப்பம் முதலில் ப்ளானிங் கமிஷனுக்கும், பிறகு கவுன்டியின் சூப்பர்வைசர்கள் போர்டுக்கும் போனது. இரண்டு இடத்திலும் பொது விசாரணை, பேச வருகிறவர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். புதிய டவர் விண்ணப்பத்தை 150 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று எஃப்சிசி 2009-இல் வைத்த கெடு இருப்பதால் கோப்பு தூங்கவில்லை.

விசாரணையில் அதிகம் பேசப்பட்டது கதிர்வீச்சு. 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, எஃப்சிசி-யின் அளவுக்குள் இருக்கும் டவரை உடல்நலக் காரணம் சொல்லி உள்ளூர் நிர்வாகம் மறுக்க முடியாது. தலைவர் இதைப் படித்துக் காட்டியதும் அரங்கில் கோபம் எழுந்தது. அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்றை ஒதுக்கினால் பயம் கூடத்தான் செய்யும். ஆகவே நான் என் மூன்று நிமிடத்தில் அதைத்தான் பேசினேன். டவருக்குக் கீழே தரையில் கிடைக்கும் அளவு வரம்பைவிடப் பல நூறு மடங்கு குறைவு என்பது வழக்கம். அதே நேரம், 1996-இல் வகுத்த வரம்பை மாற்றாமல் விட்டதற்குப் போதிய விளக்கம் தரவில்லை என்று 2021-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை எஃப்சிசி-க்கே திருப்பி அனுப்பியதையும் மறைக்காமல் சொன்னேன். டவர் இயங்கத் தொடங்கியதும் வெளியார் ஒருவரைக் கொண்டு அளந்து முடிவைக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. அதையும் சொன்னேன். செயற்கைக்கோள் வழியாகவே போன் பேசும் காலம் வந்துவிட்டதே, டவர் எதற்கு என்று ஒருவர் கேட்டார். 2022 முதல் ஐபோனில் அவசரச் செய்தி அனுப்ப முடிகிறது, ஆனால் அதற்குத் திறந்த வானம் வேண்டும். காட்டுக்குள், வீட்டுக்குள் விழுந்து கிடப்பவருக்கு அது உதவாது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரம் 108 அடி பைன் மர டவர் ஒன்றை மறுத்த வழக்கில்தான், அந்தக் காரணம் மறுப்போடு கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கைக்கு வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. இதனால் டவர் கேட்டால் கிடைத்தே தீரும் என்று நினைத்துவிடக் கூடாது. அல்பமார்லில் டட்லி மலையில் 100 அடி டவரை மறுத்தது செல்லும் என்று எங்கள் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் சொல்லியிருக்கிறது.

நான் எல்லோரிடமும் வலியுறுத்துவது 2012-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்றின் 6409-ஆம் பிரிவை. ஒரு டவர் எழுந்துவிட்டால் பிறகு அதைச் சுமார் 20 அடி வரை உயர்த்தவும் புதுக் கருவி ஏற்றவும் கேட்டால் கவுன்டி மறுக்க முடியாது, 60 நாளில் கொடுத்தாக வேண்டும். இதற்குள்ள முக்கியமான தடுப்பு, டவரின் மறைப்பைக் கெடுக்கும் மாற்றம் இந்தச் சலுகையில் வராது என்பது. அந்த மறைப்பு முதல் அனுமதியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். "மரம் போல் இருக்கும்" என்று வாயால் சொன்னது எதற்கும் ஆகாது. கிளை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு அடர்த்தி, உச்சி எப்படிக் கூம்புகிறது, நிறம் வெளுத்தால் எப்போது மாற்ற வேண்டும், டவரைப் பயன்படுத்தாமல் விட்டால் யார் செலவில் அகற்றுவது என்று எல்லாவற்றையும் நிபந்தனையாக எழுதி வாங்கினோம். போர்டு பெரும்பான்மை வாக்கில் அனுமதித்தது. தீயணைப்பு நிலையத்தின் ரேடியோவுக்கு வாடகையில்லாமல் இடம் தருவதும் அந்த நிபந்தனைகளில் ஒன்று.

இப்போது எங்கள் வீட்டுக்குள் மைனஸ் 95 அளவில் சிக்னல் வருகிறது. கரண்ட் போனாலும் டவருக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. அருகில் போய் நின்றால் மரமல்ல என்று யாருக்கும் தெரியும். ஸ்கைலைன் டிரைவிலிருந்து எனக்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது நிறுவனம் ஒன்று கீழ்த்தட்டில் ஆன்டெனா வைக்க விண்ணப்பித்திருக்கிறது. கிளைகளை வெட்டாமல் எப்படி வைப்பார்கள் என்ற வரைபடத்தை ப்ளானிங் அலுவலகம் கேட்டிருக்கிறது, எங்களுக்கும் ஒரு பிரதி கிடைத்தது.

ஓடைக்கரைச் சாலையில் உள்ள வீடுகளுக்கு மட்டும் இன்னும் எட்டவில்லை, நடுவே ஒரு மலை மடிப்பு மறைக்கிறது. 50 அடிக்கு மேல் போகாத சிறு கம்பங்களுக்கு வர்ஜீனியா 2018 முதல் எளிய வழி வைத்திருக்கிறது. சுற்றியுள்ள மரங்களை அதிகம் தாண்டாமல் இருப்பது போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டால் பொது விசாரணை இல்லாமல் அலுவலக மட்டத்திலேயே முடியும். அங்கே பழுப்புக் கம்பமே போதும் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கான அளவெடுப்பைத் தொடங்கியிருக்கிறோம்.