மதிப்பூதியம் அல்ல, ஊதியம்

எங்கள் தெரு அங்கன்வாடியில், அழும் குழந்தையை ஒரு கையால் எடைத் தராசில் பிடித்து இருத்தி, மறு கையால் அந்த எடையைக் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்யும் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், இதைத் தொண்டு என்று எப்படிச் சொல்கிறார்கள் என மனம் வேதனைப்படுகிறது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிப் பெண்களுக்குத் தருவது சம்பளம் அல்ல, தொண்டுக்குத் தரும் தொகையான மதிப்பூதியம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அதைப் பணியாளருக்கு மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ஆகவும், சமைத்து, கழுவி, பெருக்கும் உதவியாளருக்கு 1,500இலிருந்து 2,250 ஆகவும் உயர்த்தியது. மாநில அரசின் பங்கு தனி. பணி முடியும்போது மொத்தமாகத் தரப்படும் பணிக்கொடைக்கு இவர்களுக்கு உரிமை உண்டென்று 2022இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்த பின்னும், அரசு ஊழியருக்குரிய காலமுறை ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் மறுப்பது எனக்குச் சற்றும் நியாயமாகப் படவில்லை.