தனியே கிடந்த செருப்பு

இன்று காலை கிருஷ்ணகிரியில் ஆராதனை தொடங்கிய பிறகு வந்த ஒருவர், வாசலில் குவிந்திருந்த செருப்புகளோடு தம்முடையதைச் சேர்க்காமல், பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் கழற்றி வைத்துவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்தார்.

வேறொரு பெண்ணோடு வாழப் போய், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் திரும்பியிருப்பவர். சபையில் எல்லோருக்கும் தெரியும்.

(எனக்கும் தெரியும். தெரிந்துகொள்வதில் நான் காட்டிய ஆர்வம் எவ்வகைப் பாவம் என்பதை இன்றுதான் யோசித்தேன்.)

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவின் முன் நிறுத்தியவர்கள், அவளோடு இருந்த ஆணைக் கொண்டுவரவில்லை. யோவான் சுவிசேஷத்தின் 8ஆம் அதிகாரத்தில் பெரியோர் முதற்கொண்டு ஒவ்வொருவராக வெளியேறிய பின், தாமும் அவளைத் தண்டனைக்கு உட்படுத்தாத இயேசு, இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லியே அனுப்பினார். நாமோ இவ்விரண்டில் நமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

பிறன் மனைவியான பத்சேபாளோடு பாவம் செய்த விஷயத்தில், தீர்க்கதரிசி நாத்தான் எதிரே வந்து நின்ற பிறகுதான் தாவீது ராஜா உடைந்தார். 51ஆம் சங்கீதத்தின் தலைப்பே அதைச் சொல்கிறது. மன்னிப்புக் கிடைத்தது. ஆனால் அவர் போர்முனையில் சாகவைத்த பத்சேபாளின் கணவன் உரியா உயிரோடு திரும்பவில்லை.

ஆகவே, இன்று வராத அவருடைய மனைவியிடம் போய் மன்னித்துவிடு என்று நெருக்குவதற்குச் சபைக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

முடிந்து வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு சிறுவன் அந்தச் செருப்பை எடுத்து, எங்கள் செருப்புகளோடு கூரையடியில் வைத்திருந்தான்.

அவர் வேப்பமரத்தடியில் தேடிக்கொண்டிருந்தார்.