துரை பங்களாவில் குதிரை ஓடிய காலம்

ஏற்காட்டில் எந்தப் பழைய பங்களாவைக் காட்டிக் கேட்டாலும், அதில் பேய் இருக்கிறது என்று சொல்ல ஒருத்தர் கிடைத்துவிடுவார். அதிலும் கிரேஞ்ச் பங்களாவைப் பார்த்தாலே கதை தானாக வந்துவிடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கட்டிய வீடு அது, மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவரும் அவர்தான். 1857 கலகம் இங்கேயும் வந்துவிடும் என்று பயந்துபோய் அதைக் கோட்டை மாதிரி பலப்படுத்தினார்கள்.

நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை, என் தாத்தா காவல் இருந்த ஒரு சின்ன எஸ்டேட் பங்களாவைப் பற்றி. ஓட்டுக்கூரை, மரத்தளம் போட்ட மாடி, ஹாலில் கணப்பு, பின்னால் காப்பி காயவைக்கும் களம். அங்கே நடமாடும் பேய் இரண்டு தடவை மாறியிருக்கிறது.

முதலில் குதிரைதான். செத்துப்போன துரை ராத்திரியில் குதிரையில் தோட்டத்தைச் சுற்றி வந்து யாரெல்லாம் வேலைக்கு வரவில்லை என்று கணக்கு எடுப்பாராம். அது ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணிகள் பரப்பிய கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அவர்களுக்குத்தான் அந்த பயம் தேவைப்பட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம் சேலத்து வியாபாரி ஒருவர் கைக்குத் தோட்டம் போனது, குதிரையும் போய்விட்டது, அந்த இடத்துக்கு வெள்ளைக் கவுன் போட்ட துரைசானி வந்தாள்.

அந்தத் துரைசானி யார் என்று எனக்குத் தெரியும். தாத்தாவின் அரிக்கேன் விளக்கு. அறுவடைக் காலத்தில், கார்த்திகை மார்கழிப் பனியில், களத்திலிருந்து காப்பி மூட்டை திருட்டுப்போனது. ஒற்றை ஆளாக அவ்வளவு பெரிய இடத்தை எப்படிக் காப்பது? ஆள் இல்லாத மாடியில் விளக்கை ஏற்றி, பழைய வலைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டுத் தாத்தா கீழே களத்தில் படுத்துக்கொள்வார். கணப்புப் புகைபோக்கியில் காற்று ஏறினால் ஆள் முனகுவது போலவே கேட்கும். ஓட்டுக்கடியில் மரநாய் ஓடும். குளிர் இறங்க இறங்க மரத்தளம் யாரோ நடப்பது போல டக் டக்கென்று சத்தம் போடும். இவ்வளவும் சேர்ந்தால் கீழே கூலிக்காரர்கள் குடியிருந்த லைன் வீட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

இப்போது அது தங்கும் விடுதி. துரைசானியையும் விட்டுவிட்டார்கள், நாலாம் நம்பர் அறையில் தூக்குப் போட்டுக்கொண்ட ஒரு பெண் என்று வண்டி ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். தாத்தா இருந்தவரை அந்த வீட்டில் அப்படி ஒரு சாவு நடக்கவே இல்லை.

நடந்த சாவுகள் வேறு. அம்மாயி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடிவாரத்திலிருந்து துரைமார்களை நாற்காலியில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள், கங்காணி கீழேயிருந்து கூட்டிவந்து மலைக்காய்ச்சலில் போனவர்கள். லைன் வீட்டுக்குப் பின்னால், சில்வர் ஓக் மரத்தடியில், அவர்களுக்கு நாலு நடுகல் மாதிரி வெறும் கல் இருந்தது. ஆடி பதினெட்டுக்கு அம்மாயி அங்கே வெற்றிலை பாக்கு வைத்து விளக்கேற்றுவாள், குழந்தைகளான நாங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பொரி தின்போம். அந்த இடத்தைப் பற்றி யாரும் ஒரு பேய்க்கதைகூடக் கட்டவில்லை. இருநூறு வருஷத்துக் கதைகளில் அவர்களுக்கு ஓர் இடம் இல்லாமல் போனது எனக்கு ரொம்ப வலிக்கிறது.

போன மாதம் போயிருந்தேன். கார் நிறுத்தக் கல் பாவியிருக்கிறார்கள். ஒரே ஒரு கல் மட்டும் மிளகுக்கொடி மூடி ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. கொடியை விலக்கி, மண்ணைத் தட்டி நிமிர்த்தி வைத்தேன். அறை துடைக்கும் பையன் வந்து நின்று, "யாருங்கண்ணா இது?" என்றான். அம்மாயிக்குத் தெரிந்த மூன்று பெயரையும் அவனுக்குச் சொன்னேன். நாலாவது ஆள் யார் என்று அவளுக்கும் தெரியாது.