நீலகண்டன் மகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா சாப்பாட்டு மேசையில் பூ கட்ட உட்கார்ந்துவிடுவார். போன வாரம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் 'லக்மே' கேட்டுக்கொண்டிருந்தேன். லியோ டெலிபின் பிரெஞ்சு ஓபரா, அதாவது இசை நாடகம். 1883இல் பாரிஸில் முதலில் மேடையேறியது. கதை என்னவோ இந்தியாவில்: பூசாரி நீலகண்டனின் மகள் லக்மேவுக்கும் ஆங்கிலேய அதிகாரி ஜெரால்டுக்கும் காதல். உருப்படுமா அது?

லக்மேவும் பணிப்பெண் மல்லிகாவும் சேர்ந்து பாடும் பூப்பாட்டு மட்டும் விமான விளம்பரத்தில் வந்து ஊரெல்லாம் தெரியும். ரோஜாவோடு பின்னிய வெள்ளை மல்லிகைப் பந்தலைப் பாடுகிறார்கள் என்றேன். "நானும் அதைத்தானே கட்டுறேன்" என்று சரத்தைத் தூக்கிக் காட்டினார் அம்மா.

எனக்குப் பிடித்தது இரண்டாம் அங்கத்து மணிப்பாட்டு. மகளின் காதலன் யார் என்று பிடிக்க, சந்தையில் அவளையே பாடவைக்கிறான் அப்பன். காட்டில் வழி தவறிய ஒருவனை மிருகங்கள் சூழ, ஓர் ஏழைப் பெண் மணியை ஆட்டிக் காப்பாற்றுகிறாள். வந்தவன் விஷ்ணு, பிரம்மாவின் மகனாம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "தொப்புள்ல இருந்து வந்தது யாரு? தலைகீழா எழுதி வெச்சிருக்கான்!"

ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பாட்டில் பேர் இல்லை. 'பரியா'வின் மகள், அவ்வளவுதான். பறையர் என்ற நம் சொல்தான் கடல் தாண்டிப் போய் பிரெஞ்சில் அப்படி ஆனது. இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்று படித்தபோது, சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்ற என்னை ஒருவன் அதே சொல்லால் மலாயில் ஏசினான். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் சொல்லவில்லை. இப்போது சொன்னேன். அம்மாவின் விரல் நாரில் நின்றுவிட்டது. "யாருடா அவன்?" முப்பது வருஷம் கழித்துக் கேட்கிறார்.

சரி, முடிவுக்கு வருகிறேன். பட்டாளத்துச் சத்தம் தூரத்தில் கேட்டதும் ஜெரால்டின் மனசு அங்கே போய்விடுகிறது. அதைக் கண்டுகொண்ட லக்மே ஊமத்தையைக் கடித்துவிடுகிறாள். சாகும்போதும், காதலர்களை என்றைக்கும் பிணைக்கும் புனித நீரை இருவரும் குடித்துவிட்டோம் என்று அப்பனிடம் சொல்லி ஜெரால்டைக் காப்பாற்றுகிறாள்.

"அவன் பொழச்சுக்கிட்டானா?"

"ஆமாம்மா."

"அதானே." நாரைப் பல்லால் கடித்து அறுத்தார். "நீலகண்டன்னு பேரை வெச்சுக்கிட்டு, மக தொண்டையில விஷத்தை நிறுத்தத் தெரியல அவனுக்கு."

மீதிப் பூவை ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னார்.