இதயத்தைப் பிடித்து இழுக்காதீர்கள்: இறால் நரம்பு மண்டலச் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

விலங்கியல் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. தியரியில் வெளுத்து வாங்கியவர்கள் பலர் செய்முறையில் கோட்டை விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே தவறுதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேலோட்டை எடுத்ததும் கண்ணில் படுவது இதயம். அதை ஃபோர்செப்ஸால் பிடித்துத் தூக்கினால் கதை முடிந்தது. இதயத்தின் அடியிலிருந்து ஸ்டெர்னல் தமனி நேராகக் கீழே இறங்கி, மார்பு நரம்புத் திரளில் உள்ள துளைக்குள் நுழைந்து வயிற்றுப்புறம் போகிறது. இதயத்தை இழுத்தால் தமனியும் கூடவே வந்து திரளைக் கிழித்துவிடும். 11 ஜோடி நரம்புகள் புறப்படும் இடம் அது. அதைக் கிழித்துவிட்டு வயிற்றுப் பகுதியை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் மதிப்பெண் வராது. நுண் கத்தரியால் தமனியை வெட்டிய பிறகுதான் இதயத்தை எடுக்க வேண்டும். தமனியின் அடிக்கட்டை அப்படியே நிற்கட்டும். பிறகு திரளைத் தேடும்போது அதுதான் அடையாளம்.

அடுத்தது இறால். கொள்ளிடத்து ஆற்று இறால் கிடைத்தால் அதையே எடுங்கள். சீர்காழி, வேதாரண்யம் பக்கத்துப் பண்ணை வனாமி இறால் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அதில் மார்பு நரம்பு முடிச்சுகள் இவ்வளவு ஒன்றிப்போயிருக்காது, சங்கிலிபோல் தெரியும். ரெக்கார்டில் இருக்கும் படம் ஆற்று இறாலுடையது. வனாமியை அறுத்துவிட்டு அந்தப் படத்துக்கு லேபிள் எழுதினால் எக்ஸ்டெர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) பிடித்துவிடுவார். 12 செ.மீ.க்குக் குறையாமல், ஓடு கெட்டியாக இருக்க வேண்டும். தோலுரித்து ஓரிரு நாள் ஆனது ஆகாது, உள்ளே எல்லாம் நீர் கோத்திருக்கும். செத்த இறாலும் வேண்டாம். செத்ததும் கல்லீரல்-கணையத்தின் நொதிகள் கசிந்து அக்கம்பக்கத்துத் திசுவைக் கரைக்கும், மார்புத் திரளோ அதற்கு நேர் கீழே இருக்கிறது. ஃப்ரீஸரில் வைத்தது இன்னும் மோசம். உயிரோடு வாங்கி, ஐஸ் தண்ணீரில் 20–30 நிமிடம் போட்டு, முழுக்க மரத்த பிறகு அறுங்கள்.

அறுக்கும் வரிசை:

1. முதுகு மேலே இருக்கும்படி பின் குத்துங்கள். மேலோடு, வயிற்று முதுகு ஓடுகள், குடல் எல்லாம் போகட்டும். இரைப்பையை எடுக்கும்போது உணவுக்குழலின் கட்டையை விட்டுவிடுங்கள், மூளையிலிருந்து வரும் இரு இணைப்பு நரம்புகளும் அதைச் சுற்றித்தான் இறங்குகின்றன.
2. 70% ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். கண்ணாடிபோல் இருக்கும் நரம்பு வெள்ளையாகும். இந்த ஐந்து நிமிடத்தைப் பொறுக்காமல் தசையைக் கிளறுகிறவர்கள் நரம்பையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள்.
3. வயிற்றிலிருந்து தொடங்குங்கள். பெரிய மடக்குத் தசையை மேலிருந்து பட்டை பட்டையாக எடுத்தால் தரையில் நரம்புநாண், ஆறு முடிச்சுகளோடு. ஆறாவது பெரியது, நட்சத்திர வடிவம். வால் பகுதிக்கு அங்கிருந்துதான் நரம்புகள்.
4. நாணைப் பிடித்துக்கொண்டே முன்னே போங்கள். மார்பில் உள்ளோட்டுத் தகடுகள் குறுக்கே நிற்கும். பிடுங்காமல், ஒவ்வொன்றாக நறுக்குங்கள்.
5. மூளை கடைசியில். கண்காம்புகளுக்கு நடுவே, கொழுப்புக்குள் புதைந்திருக்கும்.
6. நரம்புக்கு அடியில் கறுப்புத் தாள் செருகி, பெயர் எழுதிய கொடி குத்துங்கள்.

ஸ்பாட்டரில் (மாதிரியைப் பார்த்து அடையாளம் சொல்லும் பகுதியில்) வயல் நண்டு வந்தால்: வயிற்று முடிச்சுகள் தனியாக இல்லை, எல்லாம் மார்புத் திரளில் சேர்ந்துவிட்டன. நடுவில் அதே தமனித் துளை. பயிற்சிக்கு வயல் நண்டு வேண்டுமென்றால் சம்பா நடவு சமயத்திலேயே பிடித்துப் பழகிவிடுங்கள். தேர்வு வரும் சித்திரையில் வயல் வெடித்துக் கிடக்கும், நண்டு வளையின் ஆழத்துக்குப் போய்விடும்.

நரம்பை உயிரோடு வைக்க உப்புக்கரைசல் கேட்டால், கடல் நண்டின் கணக்கை வயல் நண்டுக்குச் சொல்லாதீர்கள். நன்னீர் கிரேஃபிஷுக்கான (இறாலுக்கு உறவான ஓட்டுடலி) வான் ஹாரவெல்ட் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 205 மில்லிமோல், அதாவது ஏறக்குறைய 12 கிராம். கடல் நண்டுக்கு 440 மில்லிமோல். கடல் நண்டின் கரைசலை வயல் நண்டின் நரம்பில் ஊற்றினால் செல்லிலிருந்து நீர் வெளியேறிச் சுருங்கிவிடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நண்டு, இறால் வகைகளின் இரைப்பை நரம்பு முடிச்சைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். சுமார் 30 நியூரான்கள்தான், ஆனாலும் அதோடு இணைந்த நரம்புகளோடு சேர்த்து வெட்டித் தட்டில் வைத்தாலும் இரைப்பையின் அரைப்பு, வடிகட்டல் தாளங்களை உண்டாக்கும். அதனால்தான் ஈவ் மார்டர் போன்ற நரம்பியல் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் இதிலேயே உழைத்தார்கள். இங்கே ஒரு கண்ணி: நரம்புச் செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட் இந்த முடிச்சுக்குள் தடுக்கும் வேலை செய்கிறது. அதே நண்டின் தசையில் தூண்டுவதும் குளுட்டமேட்தான், அங்கே தடுப்பது காபா என்ற இன்னொரு வேதிப்பொருள். மனித மூளையில் குளுட்டமேட் தூண்டுவதை நினைத்துக்கொண்டு பதில் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

மற்றவை சுருக்கமாக:

– கிரேஃபிஷின் ராட்சத நரம்பிழை, வாலடித்துத் தப்புதல்: வியர்ஸ்மா, 1947.
– மின் சைனாப்ஸ் (நரம்புகளுக்கு இடையே மின்னோட்டம் நேராகப் பாயும் சந்திப்பு), ஒரு திசையில் மட்டும் எளிதாகக் கடத்துவது: ஃபர்ஷ்பன், பாட்டர், 1959.
– கண்காம்பில் எக்ஸ் உறுப்பு, சைனஸ் சுரப்பி. தோலுரித்தலையும் சினைமுட்டை வளர்ச்சியையும் தடுக்கும் ஹார்மோன்கள் அங்கிருந்து வருகின்றன. பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்குவது இதனால்தான்.
– சமநிலைப்பை சிறு உணர்கொம்பின் அடிக்கணுவில். உள்ளே மணல், ஒவ்வொரு தோலுரித்தலுக்குப் பிறகும் புதிதாக. 1893இல் கிரைட்ல் மணலுக்குப் பதில் இரும்புத்தூள் போட்டார். மேலே காந்தம் காட்டியதும் இறால் தலைகீழாகத் திரும்பியது.
– கண்ணில் ஒரு உணர்செல் பக்கத்துச் செல்லை அடக்கும் பக்கத் தடுப்பைக் கண்டு 1967இல் நோபல் பெற்ற ஹார்ட்லைன் ஆராய்ந்தது லிமுலஸ் (குதிரைலாட நண்டு). பெயரில் நண்டு இருந்தாலும் அது ஓட்டுடலி அல்ல, சிலந்திகளுக்கு உறவு.
– பிரிட்டனின் 2022 விலங்கு உணர்திறன் சட்டத்தில் பத்துக்காலிகளும் (இறால், நண்டு வகைகள்) அடக்கம். ஐஸில் மரக்கவைப்பது ஏன் என்று கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.