முறுக்காத நட்டு

மார்ச் 3, 2025, திங்கள்

மாமா ஓட்டும் பிக்கப் வண்டி தார்ச்சாலையில் ஓடுவதே அரிது. மலேசியாவில், சிலிம் ரிவர் ஊரைத் தாண்டிச் செம்பனைக் காட்டுக்குள் உரமூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு செம்மண் தடத்தில் நாள் முழுக்கக் குலுங்கும். அதில் என்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தாங்கும் தகட்டுப் பிடி முறிந்துவிட்டது. துண்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். வண்டியின் பெயரைக் கேட்காதீர்கள், எழுதமாட்டேன்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விரிசல் வளைவின் உள்மூலையில் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து வில் வில்லாக மெல்லிய வரிகள். அந்தப் பகுதி வழவழப்பாக இருக்கிறது. கடைசியில் பட்டென்று விட்டுப்போன இடம் மட்டும் சொரசொரப்பு. ஒரே அடியில் உடைந்ததல்ல, திரும்பத் திரும்ப அதிர்ந்து உலோகம் களைத்து முறிந்தது. ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. மூன்று போல்ட் துளைகளில் ஒன்றைச் சுற்றிச் செந்நிறப் பொடி. தோட்டத்து வண்டியில் அதைப் பார்த்தால் யாரும் செம்மண் என்றுதான் துடைத்துப் போடுவார்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்தபோது அடியில் பளபளவென்று தேய்ந்த வளையம் தெரிந்தது. பொடி, இரும்பும் இரும்பும் உரசி உதிர்த்த துரு. முறிவதற்கு வெகுநாள் முன்பே அந்த போல்ட் தளர்ந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

இதே வகைப் பிடியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் சோதித்திருக்கிறோம், தேறியது. வண்டியின் உடலில் பொருத்தும் மின்கருவிகளுக்கு ஐஎஸ்ஓ 16750-3 என்ற சர்வதேசத் தரநிலை சொல்லும் சோதனைதான்: 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்கற்ற அதிர்வு, சராசரி வர்க்க மூல முடுக்கம் (அதிர்வின் வலுவைச் சொல்லும் அளவு) 27.8 மீட்டர்/வினாடி², ஓர் அச்சுக்கு, அதாவது ஒரு திசைக்கு, 8 மணி நேரம், மூன்று அச்சுகள். சோதனையை ஓட்டும் ஷேக்கர், அதாவது அதிர்வு மேசை, உள்ளே பார்த்தால் பூதாகரமான ஒலிபெருக்கிதான். காந்தப்புலத்தில் ஒரு சுருள், அதன்மேல் மேசை. இரைச்சல் மட்டும் பாட்டாக இருக்காது.

அப்படியானால் மேசையில் தேறியது காட்டில் ஏன் முறிந்தது? பதில் டார்க் ரெஞ்சில் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் கருவி) இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் அச்சு முடிந்ததும், பிடியை மேசையோடு சேர்க்கும் சட்டமான ஜிக்கைத் திருப்பிப் பொருத்துகிறோம். அப்போது எல்லா போல்ட்டையும் குறித்த முறுக்குவிசைக்கு மறுபடி இறுக்குகிறோம். வாடிக்கையாளர் தந்த நடைமுறைத் தாளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. செம்மண் சாலையில் எவன் வந்து இறுக்குகிறான்?

மார்ச் 7, வெள்ளி

நோன்பு மாதம். மலாய் நண்பர்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள். மேசை காலியாக இருந்ததால் மேலாளரிடம் கேட்டு அடுத்த வாரம் மூன்று நாள் வாங்கிக்கொண்டேன். காரணத்தைச் சொன்னபோது, "பணம் கட்டாத சோதனையா?" என்று மட்டும் கேட்டார். அவர் கவலை அவருக்கு.

மார்ச் 10, திங்கள்

புதிய பிடி, புதிய போல்ட்டுகள். ஒரே ஒருமுறை இறுக்கினோம். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். தம்பி (எங்கள் டெக்னீசியன், தோட்டத்துப் பள்ளியில் என் தங்கையோடு படித்தவன்) டார்க் ரெஞ்சை எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டான். தொடங்குமுன் சைன் அலையை மெல்ல ஏற்றிப் பார்த்ததில் ஒத்ததிர்வு, அதாவது பிடி மிகப் பலமாக ஆடும் அதிர்வெண், 140 ஹெர்ட்ஸை ஒட்டி வந்தது. இன்று செங்குத்து அச்சு. மாலையில் கோடுகள் அப்படியே இருந்தன.

மார்ச் 12, புதன்

இரண்டு கிடை அச்சுகளும் முடிந்தன. செவ்வாய் மாலையே ஒரு கோடு விலகிவிட்டது. இன்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அளவு. முறிந்த துண்டில் துருப்பொடி இருந்ததே, அதே துளை.

போல்ட்டின் தண்டுக்குக் குறுக்காக வரும் அசைவுதான் அதை அதிகம் தளர்த்தும் என்று யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இலேயே காட்டிவிட்டார். எங்கள் போல்ட்டுகள் நிமிர்ந்து நிற்பவை. கிடை அச்சுகள் அவற்றுக்குக் குறுக்கே இழுப்பவை. பழைய நடைமுறையில் அந்த அச்சுகள் ஒவ்வொன்றுக்கும் முன்னால் புதிதாக இறுக்கிக் கொடுத்தால் அது எப்படித் தளரும்?

ஒத்ததிர்வு இப்போது 118 ஹெர்ட்ஸ். பிடிமானம் நெகிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியின் எடை மீதி இரண்டு போல்ட்டிலும் அந்த வளைவிலும் ஏறுகிறது. அங்கே தகைவு (உலோகத்தின் பரப்பலகு ஒன்றில் ஏறும் விசை) இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தகைவு ஏறும்போது ஆயுள் எப்படிக் குறையும் என்று காட்டும் களைப்புக் கோட்டின் அடுக்கு 5 என்றால் ஆயுள் பாதியாகக் குறையாது, 32இல் ஒரு பங்காகிவிடும். விரிசல் இருக்கிறதா என்று பார்க்கச் சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தோம். சிறிது நேரத்தில் உள்மூலையில் மயிரிழை போலச் சிவப்பு ஊறி மேலே வந்தது. "அண்ணே, வந்துவிட்டது" என்று தம்பி கத்தியதில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

படங்களை வாடிக்கையாளரின் பொறியாளருக்கு அனுப்பினேன். முதல் பதில்: தரநிலைப்படி பிடி தேறியதுதானே. மறுக்கவில்லை. இரண்டாவது பதில் பிற்பகலில் வந்தது: ஸ்பிரிங் வாஷர் போட்டுவிடலாமா? இதைக் கேட்டுத்தான் எனக்கு எரிச்சல். குறுக்கு அசைவுக்கு முன்னால் அந்தப் பிளந்த வளையம் பெரிதாக ஒன்றும் செய்யாது; எந்தப் பட்டறையைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ஆப்புப்பல் வாஷர் (பல்லோடு பல் பொருந்தும் இரட்டை வளையம்) கேட்டிருக்கிறேன், வளைவின் உள்மூலைக்கு இன்னும் பெரிய ஆரமும். இரண்டு வகை வாஷரையும் அனுப்புகிறேன், ஒன்றாகவே ஓட்டிப் பாருங்கள் என்றார். சரி என்றேன், நடுவில் இறுக்குவதில்லை என்ற நிபந்தனையோடு. மாதிரிகள் நோன்புப் பெருநாளுக்குப் பிறகுதான் வரும்.