ஓ என்றால் ஓடை

செப்டம்பர் 8, திங்கள்

டென்மார்க் வந்து ஏழு வாரம் ஆகிறது. தினமும் தாண்டிப்போகும் பாலத்தின் ஓரத்தில் ஆற்றின் பெயர்ப்பலகை ஒன்று இருக்கிறது. இன்றைக்குத்தான் நின்று படித்தேன். முதலில் ஊர்ப்பெயர், அப்புறம் ஒரே ஓர் எழுத்து: ரோமன் 'ஏ', தலைக்கு மேலே குட்டி வளையம். அந்த ஓரெழுத்தே ஒரு முழுச் சொல். 'ஓ' என்று படிக்க வேண்டும். பொருள்: ஓடை, சிற்றாறு.

ஊர்ப்பெயருக்குள்ளும் இதே சொல்தான் ஒளிந்திருக்கிறது. ஆர்ஹுஸ் என்று எழுதியிருந்தாலும் இங்கே வாயில் வருவது ஓர்ஹூஸ். டேனிஷின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியில் ஆரோஸ். ஆர் என்றால் ஆற்றினுடைய, ஓஸ் என்றால் முகத்துவாரம். முன்பு இரட்டை 'ஏ' போட்டு எழுதியதற்குப் பதிலாக, 1948இல் எழுத்தைச் சீர்திருத்தியபோது வளைய எழுத்து வந்தது. 2011 ஜனவரியிலிருந்து இந்த ஊர்ப்பெயர் பழைய இரட்டை 'ஏ'வுக்கே திரும்பிவிட்டது.

இந்த ஆற்றையே 1930களில் மூடி மேலே சாலை போட்டிருக்கிறார்கள். பல ஆண்டு கழித்துக் கட்டம் கட்டமாகத் திறந்திருக்கிறார்கள். இப்போது இரண்டு கரையிலும் காபிக்கடைகள்.

நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் ஒரு மீனவ ஊருக்குப் பெயரே இந்த ஓரெழுத்துதான். ஊர்ப்பலகையை அடிக்கடி யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்.

செப்டம்பர் 10, புதன்

இரண்டு நாளாக இந்த 'ஓ' மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளைக் கோத்திக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்தார். யோர்தான் ஆற்றைச் சொல்ல அவர் எழுதிய சொல் 'அஹ்வா'. லத்தீனில் தண்ணீர் 'அக்வா'. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் க வரும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹ வரும்; லத்தீன் 'கோர்னு', ஆங்கிலம் 'ஹார்ன்', இரண்டுமே கொம்பு. இந்த ஒழுங்கை 1818இல் எடுத்துக்காட்டியவர் ராஸ்முஸ் ராஸ்க் என்ற டேனிஷ்காரர். 1822இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் அறிஞர் அதை விரிவாக வகுத்ததால் விதிக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. ராஸ்க் இலங்கைவரை வந்து பாலி ஓலைச்சுவடிகளைச் சேகரித்துக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோனவர். அவர் பெயர் இன்னும் பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம்.

அஹ்வாவில் நடுவே இருந்த ஹ போயிற்று, வ போயிற்று, வால் அகரமும் போயிற்று. நார்ஸில் 'ஆ' மட்டும் மிஞ்சியது. டேனிஷ் வாயில் உதடு குவிந்து அது 'ஓ' ஆனது.

பிரான்ஸில் என்ன நடந்தது? தெற்கே அக்வா 'ஐகா' என்ற அளவில் நின்றுகொண்டது. அங்கே எய்க்-மோர்த் என்று ஓர் ஊர். பெயருக்குப் பொருள் செத்த நீர், அதாவது தேங்கிய தண்ணீர். வடக்கே இன்னும் தேய்ந்தது. இன்றைய பிரெஞ்சில் மூன்று எழுத்துப் போட்டு எழுதுகிறார்கள், சொல்வது 'ஓ'.

ஒரே சொல் இரண்டு வழியாக நடந்துபோய் இரண்டு இடத்திலும் ஓ என்றே நிற்கிறது. இதைக் கண்டுகொண்டபோது மணி பன்னிரண்டரை. எழுப்பிச் சொல்லலாம் என்றால் வீட்டில் எல்லாரும் தூக்கம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

தீவுக்கும் இங்கே ஓரெழுத்துதான். வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு. 'எ' சொல்ல நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஒ'வுக்குக் குவித்தால் அந்த ஒலி வரும். மகளுக்கு ஒரே தடவையில் வந்துவிட்டது. எனக்குக் கண்ணாடி தேவைப்பட்டது.

இந்தச் சொல்லும் அஹ்வா குடும்பம்தான். நீரைச் சேர்ந்தது என்பது அடிப்படைப் பொருள். ஸ்வீடனில் வார்ம்லாண்ட் வட்டாரப் பேச்சில் 'ஆற்றில் ஒரு தீவு இருக்கிறது' என்பதை ஒரு மெய்யெழுத்துகூட இல்லாமல், உயிர்களை மட்டும் அடுக்கிச் சொல்லிவிடலாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாடி வீட்டு அக்கா தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்பதுகளில் இங்கே வந்தவர்.

"அக்கா, நீங்களும் டேனிஷ் வகுப்புக்குப் போனீங்களா?"

"ஓம் தம்பி, ரெண்டு வருசம்."

அந்த 'ஓம்' காதில் விழுந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். லத்தீனில் 'ஆமாம்' என்பதற்கென்று தனிச்சொல் கிடையாது. வந்தாயா என்றால் வந்தேன் என்று நம்மைப்போலவே வினைச்சொல்லைத் திருப்பிச் சொல்வார்கள். பிறகு பிரான்ஸில் 'இது' என்று பொருள்படும் 'ஹோக்' என்ற சொல்லை ஆமாம் என்பதற்கு வைத்துக்கொண்டார்கள். தெற்கே அது 'ஒக்'. வடக்கே வெறும் 'ஓ'. 'ஓ' என்பதோடு 'அவன்' என்ற 'இல்' சேர்ந்து ஒயில் ஆகி, இன்றைய 'வி' ஆகிவிட்டது. தெற்கில் லாங்கடாக் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. ஆமாம் என்பதற்கு ஒக் சொல்லும் மொழி என்று பொருள். ஆமாம் சொல்லும் விதத்தால் ஒரு நிலத்துக்கே பெயர்!

யாழ்ப்பாணத்து ஓமுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. ஒலி தற்செயலாக ஒத்துப்போகிறது. அக்காவிடம் அதையும் சொன்னேன்.

"அப்ப 'யோ' தெரியுமோ?" என்று அவர் திருப்பிக் கேட்டார். "சாப்பிடேல்லையோ எண்டு கேட்டா, சாப்பிட்டனான் எண்டதுக்கு 'யா' சொல்லக்கூடாது. 'யோ' எண்டுதான் சொல்லவேணும். எனக்கு அது பிடிபடவே ஒரு வருசம் எடுத்தது."

அக்டோபர் 3, வெள்ளி

அளவுக்கு மீறித் தேய்ந்த சொல்லுக்கு என்ன ஆகும்? பிரெஞ்சில் 'இன்று' என்பதைப் பார்த்தால் தெரியும். லத்தீன் 'ஹோடியே' தேய்ந்து 'உயி' ஆனது. பேச்சில் அது காதில் நிற்கவில்லை. 'இன்று என்கிற நாளில்' என்று முன்னால் முட்டுக்கொடுத்து 'ஓழூர்துயி' ஆக்கினார்கள். தேனீயைக் குறித்த லத்தீன் 'அபிஸ்' வடக்கே ஒற்றை உயிராகச் சுருங்கிப்போய், கடைசியில் தெற்கிலிருந்து 'அபெய்' என்ற நீண்ட சொல்லை வாங்கிக்கொண்டார்கள். தேனீயைக் குறிக்கும் சொற்களின் வரலாற்றை மட்டும் வைத்து 1918இல் ஜிலியெரோன் என்ற மொழியியலாளர் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார்.

நாமும் ஈயோடு தேனைச் சேர்த்துத்தானே தேனீ என்கிறோம். 'ஆ' என்று மாட்டைச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டோம். ஆவின் பால் பாக்கெட்டில் மட்டும் தினமும் வீட்டுக்கு வருகிறது.

நன்னூல் நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களைக் கணக்குச் சொல்கிறது. அதில் 'ஓ'வும் உண்டு: மதகில் நீரைத் தாங்கும் பலகை. பள்ளியில் மனப்பாடம் செய்தது, இன்று எடுத்துப் பார்க்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. இதுவும் தற்செயல்தான், தெரியும். ஆனாலும் அங்கே தண்ணீர், இங்கே தண்ணீரை நிறுத்தும் பலகை.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊர் ஏரியில் மதகு திறக்கும்போது சின்ன வயதில் அவர் கூடவே நின்றவர். அந்தப் பலகையை ஊரில் யாராவது ஓ என்று சொல்லிக் கேட்டதுண்டா என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "இல்லப்பா, பலகைன்னுதான் சொல்லுவோம். இப்ப அதுவும் இல்ல, இரும்பு ஷட்டர் போட்டுட்டாங்க."